வைப்பாளரும் பங்காளியும்

மயிலை லஸ் பகுதியிலுள்ள நாகேசுவரராவ் பூங்காவினுள் காலை ஆறு மணியளவிற் புகுந்து மூன்று சுற்று நடப்பவர், மூன்று வகை உரையாடலைக் கேளாது மீளுதல் அரிது. ஒன்று உடல்நலம் பற்றியது. மற்றொன்று அயல்நாட்டில் வாழும் மக்களையும் பேரரையும் பற்றியது. மூன்றாவது, ஏனை இரண்டினும் உரத்த குரலில் நிகழ்வது, பணத்தைப் பற்றியது. ரிசர்வ் பாங்கி அடுத்த கூட்டத்தில் வட்டியைக் குறைக்குமா, குறைத்தால் பாங்கிப் பங்குகள் ஏறுமா இறங்குமா, இன்ன சிமெண்டுக் கம்பெனி புதிய ஆலைக்கு வாங்கிய கடனை அடைக்க வல்லதோ அன்றோ, இவையெல்லாம் அங்கே நடந்துகொண்டே வழக்காடப்படுகின்றன. தியாகராயநகரத்துப் பனகல் பூங்காவிலும் நடேசன் பூங்காவிலும், அடையாற்றுக் காந்தி நகரத்து வீதிகளிலும் இதே வழக்கு நடக்கக் கேட்டிருக்கின்றோம். நீதிமன்றத்து வழக்கினும் இஃது ஒருவகையிற் சிறந்தது. கட்டணம் இல்லை, ஒத்திவைப்பு மட்டும் நாள்தோறும் உண்டு.

இதனை நாம் இகழ்ந்து கூறினோமல்லோம். அறிவுடையார் பலர் கூடி ஒரு பொருளின் விலையை ஆராய்தல் நன்றே. ஆயினும் பன்னாள் செவி கொடுத்ததில் ஒரு விந்தையைக் கண்டோம். பத்தாயிரம் ரூபாய்க்குப் பங்கு வாங்குதற்குப் பத்து நாள் வாதிப்பவர், பத்து லட்சம் ரூபாயை ஓரிடத்தில் வைப்பாக இடுதற்கு ஒரு நாழிகையும் வாதிப்பதில்லை.

நம் கல்லூரியில் நமக்கு முன்னே பயின்று, அரசாங்க அலுவலகமொன்றிற் கணக்கராயிருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் அப்பூங்காவிற்கு நாடோறும் வருபவர். மோட்டார் உறுப்புகள் செய்யும் கம்பெனி ஒன்றின் பங்கை வாங்கலாமா என்று தீபாவளியிற் றொடங்கிய அவருடைய ஆராய்ச்சி பொங்கல் வரையில் நீண்டது. ஆண்டறிக்கையைச் சிவப்புப் பென்சிலாற் கோடிட்டுக் கொணர்ந்து எமக்கும் காட்டினார். ஒருநாள், ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த பெருந்தொகையை எங்கே வைத்தீர் என்று வினவினோம். ஒரு நிதியின் பெயரைச் சொன்னார். அதன் ஐந்தொகையைப் பார்த்ததுண்டோ என்றோம். "அதற்கு ஐந்தொகை எதற்கு, ஐயா? எங்கள் தகப்பனார் நாளிலிருந்து அங்கேதானே வைத்திருக்கிறோம்!" என்றார்.

இவ்விடை அவர் ஒருவருடையதன்று, இவ்வூராருடையது. இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வைப்பாளன் என்பான் கடன் கொடுத்தவன். இதனை நம்மவருட் பலர் உள்ளவாறு உணர்வதில்லை. பணத்தைப் 'போட்டு வைத்திருக்கிறேன்' என்கின்றோம். பெட்டியில் இட்டுப் பூட்டியதுபோலும் ஓர் எண்ணத்தை அச்சொல் விளைக்கின்றது. உண்மையிலோ, வைத்த அன்றே அப்பணம் வேறொருவர் கைக்குப் போய்விடுகின்றது. நம் கையில் நிற்பது ஒரு வாக்குறுதி. அக்கம்பெனி எத்துணைச் செழித்தாலும் குறித்த வட்டிக்கு மேல் ஒரு காசும் நமக்கு உரியதன்று. அது வீழ்ந்தாலோ முதலும் வீழும். பங்காளியின் நிலை வேறு. (பங்காளி என்னும் சொல் நம் நாட்டில் வரப்புக்கு வழக்காடும் தாயாதியைக் குறிப்பதாயினும், ஈண்டுக் கம்பெனியின் பங்கை உடையவன் என்றே கொள்க.) அவன் உடைமையாளருள் ஒருவன், இலாபம் பெருகின் அவன் பொருளும் பெருகும், நட்டம் வரின் முதலில் தாங்குபவனும் அவனே. ஆகவே பங்காளி கேட்க வேண்டுவது, 'இஃது எத்துணை பெறும்?' என்பது. வைப்பாளன் கேட்க வேண்டுவது ஒன்றே: 'கொடுத்தது திரும்புமா?' இரண்டனுள் பின்னதே கடுமையான வினா. எனினும், பூங்காவில் முன்னதற்கே வாதம் முழுவதும் செலவாகின்றது.

இனி வட்டியைப் பார்ப்போம். பிற பாங்கிகளுக்கு ரிசர்வ் பாங்கி தரும் குறுகியகாலக் கடனுக்குரிய வட்டியை ரெப்போ என்பர். இது 2020 மே மாதத்தில் நூற்றுக்கு 4 ஆக இருந்தது. 2022 மே முதல் படிப்படியாக உயர்த்தப்பெற்று 2023 பிப்ரவரியில் 6.5 ஆயிற்று, 2025 பிப்ரவரியிற் குறையத் தொடங்கி அவ்வாண்டு ஜூனில் 5.5 ஆயிற்று. இவ்வட்டி குறையின் பாங்கிகள் வைப்புக்குத் தரும் வட்டியும் சில மாதங்களிற் குறைகின்றது. பங்காளிக்கு இது பெரும்பாலும் நற்செய்தி. ஆண்டுதோறும் தவறாது 10 ரூபாய் தரவல்ல ஓர் உடைமையை எண்ணுக. ஊரில் வட்டி நூற்றுக்கு 8 ஆயின் அதற்கு 125 ரூபாய்க்கு மேல் ஒருவன் கொடான். வட்டி 5 ஆகக் குறைந்தால் 200 ரூபாய் கொடுத்தும் வாங்குவான். அவ்வுடைமையில் யாதொரு மாற்றமும் இல்லை. அளக்கும் கோல் ஒன்றே மாறியது. வட்டி குறையும் என்ற சொல் எழுந்த அளவிலேயே பங்கு விலை துள்ளுதற்குக் காரணம் இதுவே.

ஆனால் ஓய்வூதியமின்றி வட்டியால் உண்பவருக்கு அதே செய்தி இடியாகும். பழைய வைப்பு முதிர்ந்து புதுப்பிக்கச் செல்லும்போது, சென்ற முறை கிடைத்த வருவாய் இம்முறை இல்லை. மருந்துக் கடையும் மளிகைக் கடையும் அதற்கேற்ப விலையைக் குறைப்பதில்லை. அவ்வேளையில், அண்டை வீட்டார் ஒருவர் வந்து, 'பாங்கியில் ஏழு. இன்ன இடத்திற் பதினொன்று' என்கின்றார். அஃதே தடுமாறும் இடம்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போமாக. பத்து லட்சம் ரூபாய்க்கு நூற்றுக்கு 7 வீதம் ஆண்டிற்கு 70,000 ரூபாய். 11 வீதம் 1,10,000 ரூபாய். மிகுதி 40,000. மாதத்திற்கு மூவாயிரத்துச் சொச்சம், பால், மின்கட்டணம், மருந்து இவற்றுக்கு ஆகும் தொகை, எளிதாக ஒதுக்கத்தக்கதன்று. ஆனால் முதல் முழுவதும் போய்விடின், அம்மிகுதியைக் கொண்டு இழந்ததை ஈடு செய்ய 25 ஆண்டு வேண்டும். அறுபதில் வைத்தவருக்கு அப்போது எண்பத்தைந்து. மிகை வட்டி என்பது அவர்தம் அன்பின் அடையாளமன்று. நாம் ஏற்கும் அபாயத்திற்குரிய கூலி. அக்கூலி போதுமா என்று கேட்பவர் அரியர்.

நிற்க. பெயரையே பிணையாகக் கொள்ளும் வழக்கம் இவ்வூருக்குப் புதிதன்று. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைக் கடற்கரையோரத்து வாணிகத்தில் பாரி, பின்னி, அர்பத்நாட் என்னும் மூன்று வெள்ளையர் கம்பெனிகள் தலைநின்றன. அவற்றுள் மிக உறுதியானது அர்பத்நாட் என்பதே அக்காலத்தார் எண்ணம். வாணிகத்தோடு பாங்கித் தொழிலும் செய்த அக்கம்பெனியில், மயிலை வக்கீல்களும், ஓய்வு பெற்ற உத்தியோகஸ்தரும், கைம்பெண்டிரும் தம் சேமிப்பை இட்டிருந்தனர். அதன் தலைவர் ஸர் ஜார்ஜ் அர்பத்நாட், ஊரறிந்த பெரியார். 1906-ஆம் ஆண்டு அக்டோபர் 22-இல் அக்கம்பெனி கதவடைத்தது. அதற்கு இரண்டு நாள் முன்னரே அதனோடு பிணைந்திருந்த லண்டன் கம்பெனியின் தலைவர் மக்ஃபாதியன், ரயில் முன் வீழ்ந்து உயிர் துறந்தார். லண்டனில் நடந்த ஊகவாணிகத்திற் சென்னைப் பணம் கரைந்திருந்ததை வைப்பாளர் பின்னரே அறிந்தனர். மஞ்சள் கடுதாசி என்னும் சொல்லை நாட்டுப்புறத்தாரோடு பொருத்தி நகைத்தவர்கள், கடற்கரை மாளிகையினின்றும் அது வரக் கண்டு திகைத்தனர். ஸர் ஜார்ஜ் மீது வழக்கு நடந்து, பதினெட்டு மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. பின்னிக் கம்பெனியும் அந்நாளில் ஆட்டங்கண்டு, பின்னர் இஞ்ச்கேப் பிரபுவாகிய மக்கேயின் கைக்கு மாறியே பிழைத்தது.

அவ்வைப்பாளருக்காக நீதிமன்றம் ஏறியவருள் முதன்மையானவர் மயிலை வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர், அவ்வாண்டிலேயே சென்னை வடமொழிக் கல்லூரியை நிறுவியவரும் அவரே. முறிந்த கம்பெனியில் எஞ்சியதைத் திரட்டுவதோடு அவர் அமையவில்லை. நம்மவர் பணத்தை நம்மவரே ஆளும் பாங்கி ஒன்று வேண்டும் என்று நண்பரைக் கூட்டினார். செட்டிநாட்டுப் பெருமக்கள் துணை நின்றனர். 1907-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15-இல் இந்தியன் பாங்கி தொழில் தொடங்கிற்று.

இப்பாங்கியின் வரலாற்றிலேயே வைப்பாளன் வேறு, பங்காளி வேறு என்பதைத் தெளியக் காணலாம். 1969-இல் இது நாட்டுடைமையாயிற்று. 1995-96-ஆம் ஆண்டில் 1,336 கோடி ரூபாய் நட்டம் காட்டியது. அர்பத்நாட் வீழ்ந்த நாளிற்போல அன்றும் ஊரார் ஓடியிருக்க வேண்டும். ஆயினும் வைப்பாளர் ஒருவரும் ஒரு காசும் இழந்திலர். உடைமையாளராகிய அரசாங்கம் முதலிட்டுத் தாங்கியதே அதற்குக் காரணம். பின்னர்ப் பாங்கி தேறியது. 2007 பிப்ரவரியில் 10 ரூபாய் முகமதிப்புள்ள அதன் பங்கு 91 ரூபாய்க்குப் பொதுமக்களுக்கு வழங்கப்பட்டது. நூறு பங்கு வாங்கியவர் 9,100 ரூபாய் கொடுத்தார். பதின்மூன்று ஆண்டு கழித்து, 2020-இல் பெருந்தொற்று வந்தபோது, அப்பங்கு 50 ரூபாய்க்குங் கீழே இறங்கிற்று. பொறுமையிழந்து அன்று விற்றவர் ஐயாயிரமும் பெற்றிலர். 2024-இல் அதுவே 500 ரூபாய்க்கு மேல் விலை போயிற்று. இடையில் இப்பாங்கியோடு அலகாபாத் பாங்கி இணைந்தது, வாராக்கடன் குறைந்தது, வட்டி ஏறியது. அவற்றை 2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் எடுத்துரைத்த தீர்க்கதரிசி எவரையும் நாம் பூங்காவிற் கண்டதில்லை. 2024-இல் பலரைக் கண்டோம். இத்தனையும் நிகழ, அதே பாங்கியில் அதே 9,100 ரூபாயை வைப்பாக இட்டவர் இவ்வேற்ற இறக்கம் ஒன்றையும் அறியாது வட்டி வாங்கிக்கொண்டிருந்தார்.

இனி நிதிகளைப் பற்றிச் சிறிது கூறுவோம். நிதி என்பது உறுப்பினரிடமே வைப்புப் பெற்று உறுப்பினருக்கே கடன் தரும் ஒருவகைக் கம்பெனி. தென்னாட்டிலே, சிறப்பாகச் சென்னையிலே, தழைத்த அமைப்பு இது. நகை, வீடு, மனை, வைப்புச் சீட்டு, அரசாங்கப் பத்திரம் இவற்றின் ஈட்டின்மேலேயே கடன் தரவேண்டும். பங்கு வாங்குதலும், சீட்டு நடத்துதலும், வைப்புக் கேட்டு விளம்பரம் செய்தலும் 2014-ஆம் ஆண்டு விதிகளால் விலக்கப்பட்டன. தன் சொந்த நிதியைப்போல் இருபது மடங்கிற்கு மேல் வைப்புப் பெறலாகாது. பெற்றதிற் பத்திலொரு பங்கைப் பாங்கியில் வில்லங்கமின்றி வைத்திருத்தல் வேண்டும். விதிகள் நல்லனவே. ஆயினும் பாங்கி வைப்புக்குள்ள ஒரு காப்பு நிதி வைப்புக்கு இல்லை. 1960-இல் கேரளத்துப் பாலாய் சென்ட்ரல் பாங்கி வீழ்ந்த பின், 1962 ஜனவரி முதல் நாளன்று வைப்புக் காப்புறுதி இந்நாட்டில் வந்தது. தொடக்கத்தில் அதன் எல்லை 1,500 ரூபாய். 1993-இல் ஒரு லட்சம். 2020 பிப்ரவரி முதல் ஐந்து லட்சம். ஒரு பாங்கி முறிந்தால் ஒருவருக்கு அவ்வெல்லை வரையில் கிடைக்கும். நிதிகளும், பாங்கியல்லாத நிதிக் கம்பெனிகளும் இக்காப்பினுள் அடங்கா. பதினொன்றுக்கும் ஏழுக்கும் இடையேயுள்ள நான்கினுள் இக்காப்பின் விலையும் கலந்திருக்கின்றது என்க.

மயிலைத் தெற்கு மாட வீதியிலிருந்த இந்து பெர்மனென்ட் ஃபண்டு 1872-இல் தோன்றியது. அர்பத்நாட் வீழ்ந்தபோது அதற்கு முப்பத்து நான்கு வயது. இரண்டு உலகப் போரையும் கண்டு நின்றது. பாட்டனார் வைத்தார், தகப்பனார் வைத்தார், மகனும் வைத்தான். 2024-இல் முதிர்ந்த வைப்புகளைக் கேட்டுச் சென்றவர்கள் வெறுங்கையோடு திரும்பினர். கொடுத்த காசோலைகளும் மீண்டன. காவல்துறையின் பொருளாதாரக் குற்றப்பிரிவில் முறையீடு பெருகிற்று. ஆகஸ்ட் மாதத்தில் அதன் நிர்வாக இயக்குநர் கைது செய்யப்பட்டார். குற்றம் யாருடையது என்று தீர்த்தல் நீதிமன்றத்தின் பணி. அதனுள் நாம் புகோம். நாம் நோக்குவது மாட வீதியில் நின்ற முதியோரை. அவர்கள் பேராசைக்காரரல்லர். ஒரு மாதத்தில் இரட்டிப்பதாகச் சொன்ன எவனையும் நம்பினவரல்லர். நூற்றைம்பது ஆண்டு நின்றது இன்னும் பத்தாண்டு நில்லாதா என்று எண்ணினார்கள். ஆனால் பழமை என்பது கடந்த காலத்து நிர்வாகிகளின் சான்று. இன்று பெட்டிச் சாவியை வைத்திருப்பவரைப் பற்றி அஃது ஒன்றும் கூறுவதில்லை.

வைப்பும் பங்கும் என்னும் இரண்டையும் மயக்கியதால் விளைந்த துன்பத்திற்கு யூனிட் 64 என்னும் திட்டமும் சான்றாகும். 1964-இல் யூனிட் டிரஸ்டு தொடங்கிய அதனை நம்மவர் வைப்பு என்றே கருதினர். ஆண்டுதோறும் ஈவு தவறாது வந்தது. உள்ளே இருந்ததோ பெரும்பாலும் பங்குகள். உள்ளிருந்த சொத்தின் மதிப்பினும் மிகுந்த விலைக்கு யூனிட்டுகள் திரும்பப் பெறப்பட்டன. எவ்வளவு நாள் அது செல்லும்? 2001 ஜூலையில் வாங்கலும் விற்றலும் நிறுத்தப்பட்டன. அரசாங்கம் தலையிட்டு, 2003-இல் நூற்றுக்கு 6.75 வட்டியுள்ள பத்திரங்களாக மாற்றித் தந்தமையால் எளியோர் தப்பினர்.

பங்கு வாங்குவாருக்கும் ஒரு சொல். சென்னைப் பங்குச் சந்தை 1920-இல் தோன்றி, சில ஆண்டுகளில் ஒடுங்கி, 1937-இல் மீளத் தோன்றி, 2015-இல் ஒரேயடியாக மூடப்பட்டது. இரண்டாங் கடற்கரைச் சாலையில் தரகரிடம் சென்று விலை கேட்ட காலம் போய், கைப்பேசியில் விலை துடிக்கும் காலம் வந்துவிட்டது. விலையை அறிதல் எளிதானமையின், மதிப்பை அறிதலும் எளிதாயிற்று என்று இளைஞர் மயங்குகின்றனர். ஒரு பங்கிற்கு ஆண்டில் 5 ரூபாய் இலாபம் ஈட்டும் கம்பெனியின் பங்கு 100 ரூபாய்க்கு வந்தால், கொடுத்த விலையை இலாபத்தாற் காண 20 ஆண்டு. அதே பங்கு 300 ரூபாயாயின் 60 ஆண்டு. கம்பெனி இரண்டு விலையிலும் ஒன்றே, நல்ல கம்பெனிதான். 300 கொடுத்தவர், இலாபம் விரைவில் பன்மடங்காகும் என்பதற்கும் சேர்த்தே கொடுத்திருக்கின்றார். அந்த வளர்ச்சி வாராவிடின் கம்பெனி கெடவில்லை, அவர் கெட்டார்.

ஐந்தொகையும் பொய்க்கலாம் என்பதை மறைத்தல் நேர்மையாகாது. ஹைதராபாத்துச் சத்தியம் கம்ப்யூட்டர்ஸ் கம்பெனியின் தலைவர் 2009 ஜனவரி 7-இல் தாமே எழுதிய கடிதத்தில், பாங்கியில் இருப்பதாகக் காட்டிய தொகையுள் 5,040 கோடி ரூபாய் இல்லாத பணம் என்று ஒப்புக்கொண்டார். பெரிய தணிக்கையாளர் கையொப்பமிட்ட கணக்கு அது. ஒரே நாளில் பங்கு விலையில் முக்காற் பங்குக்கு மேல் கரைந்தது. ஆயினும் ஓரிரு குறிகள் இருந்தன. அத்துணைப் பணத்தைக் கையில் வைத்திருக்கும் கம்பெனி அதனைப் பங்காளிக்கும் பகிராது, தொழிலிலும் இடாது வைத்திருப்பது ஏன் என்ற வினா ஒன்று. முந்திய மாதமே, தலைவரின் மக்களுடைய கட்டடக் கம்பெனிகளை வாங்க முயன்று, பங்காளிகளின் எதிர்ப்பால் கைவிட்டது மற்றொன்று. கணக்கைப் படித்தல் திருடனைப் பிடிக்கும் வித்தையன்று. கேட்க வேண்டிய வினாவைக் காட்டும் விளக்கு. நிதியாயின், சொந்த நிதி எவ்வளவு, வைப்பு எவ்வளவு, எந்த ஈட்டின்மேல் எவ்வளவு கடன் நிற்கின்றது, திரும்பாது நிற்பது எவ்வளவு, பாங்கியில் வில்லங்கமின்றி இருப்பது எவ்வளவு, இவ்வைந்தையும் பார்த்தல் வேண்டும். உறுப்பினருக்கு ஆண்டறிக்கையைப் பெறும் உரிமை உண்டு. கம்பெனிப் பதிவாளரிடம் அது பதிவும் ஆகின்றது. கேட்டுப் பெறத் தடையில்லை, கேட்பாரில்லை.

மாட வீதிச் செய்தி வெளிவந்த மறுவாரம் நம் நண்பர் வீட்டிற்கு வந்தார். அவருடைய நிதி வேறொன்று. அதைப் பற்றித் தீய சொல் எதுவும் எழவில்லை. எனினும் அவருக்கு உறக்கமில்லை. நிதியின் அலுவலகத்திற்குச் சென்று ஆண்டறிக்கை கேட்டதாகவும், அங்கிருந்த எழுத்தர் முதலில் அவரை நிமிர்ந்து பார்த்துப் பின் உள்ளறையில் நெடுநேரம் தேடி எடுத்து வந்ததாகவும் சொன்னார். கூடத்தில் அமர்ந்து இருவரும் படித்தோம். சிவப்புப் பென்சிலும் வந்தது. விதிகளின்படி யாவும் இருந்தன. சொந்த நிதியைப்போல் வைப்பு மட்டும் பத்தொன்பது மடங்கு. அவர் அவ்வெண்ணைச் சுற்றி ஒரு வட்டமிட்டு, வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதிர்வு நாளன்று பணம் ஒரு குறைவுமின்றி வந்தது. பாதியை எடுத்து இரண்டு பாங்கிகளில் ஐந்து லட்சத்திற்கு மேற்படாமற் பிரித்து வைத்தார். மற்றப் பாதியை என்ன செய்தீர் என்று பூங்காவில் கேட்டோம். சிறிது தூரம் பேசாமல் நடந்தார். "அங்கேயே விட்டேன், ஐயா. தகப்பனார் வைத்த இடம்" என்றார்.